ஆழம் தெரிந்து கடன் வாங்குவோம்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பேராசிரியர்களே, வங்கித் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியோர்களே, கூட்டுறவுச் சங்கத் தாய்மார்களே, வணக்கம். மண்டபத்தை வாடகையின்றித் தந்த நிர்வாகத்துக்கும், பருத்தித்துறையிலிருந்து வந்திருக்கும் அதிபர் ஐயாவுக்கும் தனியே நன்றி சொல்கிறேன்.

மூன்று விடயங்கள் பேச வந்தேன். போர் மூண்டால் நம் இலங்கையைப் போன்ற நாடுகள் கடன் வாங்க எழுதிக்கொடுக்கும் பத்திரங்களான கடன் முறிகளுக்கும், இணையத்தில் மட்டுமே புழங்கும் கிரிப்டோ நாணயங்களுக்கும், வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கும் என்ன நேர்கிறது? மூன்றுக்கும் ஒரே முதுமொழி: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

2022 பெப்ரவரி 24இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. முதலீட்டாளர்கள் அஞ்சி டொலரிடம் ஓடினார்கள்; டொலரின் மதிப்பு ஏறியது. எண்ணெய் விலை ஏறியது. டொலரில் கடன் வாங்கி எண்ணெய் வாங்கும் நாடு இரண்டு பக்கமும் அடி வாங்கியது. நாமோ வரிக்குறைப்பாலும் கொரோனாவாலும் ஏற்கெனவே தளர்ந்திருந்தோம். அந்த ஜனவரியில்தான் 500 மில்லியன் டொலர் முறியொன்றைத் தீர்த்திருந்தோம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசு அறிவித்தது.

அந்த ஜூன் மாத நடுவில் யாழ்ப்பாணத்துக் கரையோரக் குருநகரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். விடியுமுன்பே கான்களை அடுக்கிவிட்டு மக்கள் மதிலோரம் குந்தியிருந்தார்கள். நரைத்த தலைக் கடற்றொழிலாளி ஒருவர் கேட்டார்: "தம்பி, உக்ரைன் எங்கே இருக்கிறது?" சொன்னேன். "அங்கே அடிபட்டால் என் வள்ளம் ஏன் கரையில் கிடக்கவேண்டும்?" நான் பதில் தொடங்குமுன் ஓர் இளைஞர் கைபேசியை நீட்டினார். "அண்ணை, ரூபாய் போனால் போகட்டும், இதில் போடுங்கள். இந்தக் கிரிப்டோ நாணயத்தை, பிட்கொயினை, எந்த அரசும் தொடமுடியாது." பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "போன கிழமை என்ன விலை?" இளைஞர் சொன்னார். "இன்றைக்கு?" அதையும் சொன்னார். "ஒரு கிழமையில் என் வலைகூட இவ்வளவு கிழிவதில்லை, தம்பி!" வரிசை முழுவதும் சிரித்தது. கான் வைத்திருந்த பெண்கள் எழுந்து வந்து என்னவென்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள்.

அவர் கண்டது சரி. 2021 நவம்பரில் 69,000 டொலரை நெருங்கிய பிட்கொயின், 2022 ஜூனில் 20,000க்குக் கீழே விழுந்தது. அமெரிக்க வட்டி உயர்வும் டெரா என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தின் சரிவும் அதை இழுத்தன. போர் தொடங்கிய நாளிலும் அது பங்குகளோடு சேர்ந்தே சரிந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே! ஆனால் அந்த இளைஞரைவிட நம் ஆட்சியாளர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கட்ட முடியாமல்போன அந்த வெளிநாட்டுக் கடன் இந்தப் பெரியவர் பெயரிலும் வாங்கியதுதான். அதன் நிபந்தனைகளை அவருக்கு யார் காட்டினார்கள்?

2007இல் நம் அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்கத் தொடங்கிய சர்வதேச இறையாண்மை முறிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, நியூயோர்க் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. 2024 டிசம்பரில் அவற்றை மாற்றிக் கொடுத்த புதிய முறிகள் சிலவற்றில், நம் பொருளாதாரம் வளர்ந்தால் நாம் கட்டும் தொகையும் கூடும். இதைக் குருநகரில் எத்தனை பேர் அறிவார்கள்? ஆழத்தை மறைத்துவிட்டுக் காலை விடச் சொல்வது அநீதி.

ஆகவே என் கோரிக்கை: வெளிநாட்டுக் கடன் ஒப்பந்தம் ஒவ்வொன்றும், கையெழுத்தாகுமுன், தமிழிலும் சிங்களத்திலும் முழுமையாக வெளியாகவேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நிதியமைச்சுக்கான விண்ணப்பப் படிவங்கள் வாசல் மேசையில் உள்ளன. மூன்றாவது விடயமான, பிள்ளைகள் அனுப்பும் பணத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம். இன்று படிவத்தை நிரப்பாமல் யாரும் போகவேண்டாம். நன்றி, வணக்கம்.