மாட்சாவில் மாம்பழம் போடலாமா? “போடலாம்” அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதி சுலபமாக்கிவிட்டுப் போன எதிரணித் தங்கைக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடியை வீட்டில் கலக்குபவர்கள் வெறும் வெந்நீரில் கலந்து குடித்தால் போதுமா, பழம், பால், ஏலக்காய் என்று சுவை சேர்த்துப் பார்க்கலாமா, இதுதானே தலைப்பு. தங்கை என்ன சொன்னார்? தேநீரில் கண்டதையும் போடுவதை 8-ஆம் நூற்றாண்டிலேயே தேநீரைப் பற்றி நூல் எழுதிய சீனாவின் லூ யூ கண்டித்துவிட்டார், 16-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் சென் நோ ரிக்யூ தேநீர்ச் சடங்கை அத்தனை எளிமையாக்கி வைத்தார், நீங்கள் அதில் ஸ்ட்ராபெரியைக் கொட்டிப் பாழாக்குகிறீர்கள் என்றார். கைதட்டல் வேறு வாங்கினார்.

சரி, லூ யூவிடமே போவோம். வெங்காயத்தாள், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த தேநீரைச் சாக்கடைத் தண்ணீர் என்று அவர் எழுதியது உண்மைதான். தங்கை சொல்லாமல் விட்டது, அதே லூ யூ தன் பாத்திரத்தில் உப்பு போட்டார் என்பதை. முதல் கொதி வரும்போது, தண்ணீரின் அளவைப் பார்த்து உப்பிட வேண்டும் என்று முறையே சொல்லி வைத்திருக்கிறார். ஆக, அவர் சண்டை சேர்ப்பதோடு இல்லை, கணக்கில்லாமல் கொட்டுவதோடு. அடுத்து 11-ஆம் நூற்றாண்டுக்கு, சீனாவைச் சோங் அரச வம்சம் ஆண்ட காலத்துக்கு வாருங்கள். அரசவைக்குப் போகும் தேயிலைக் கட்டியில் வாசனைக்காகக் கொஞ்சம் பச்சைக் கற்பூரம் சேர்ப்பார்கள், ஆனால் தேயிலை விளையும் ஊர்க்காரர்கள் அசல் மணம் போய்விடும் என்று எதுவும் சேர்க்க மாட்டார்கள் என்று அந்தக் காலத்து அதிகாரி சாய் சியாங் தன் தேநீர் நூலில் எழுதுகிறார். நடுவர் ஐயா, நீங்கள் இன்று தீர்ப்பு சொல்ல வேண்டிய வழக்கு கிட்டத்தட்ட ஆயிரம் வருஷமாக நிலுவையில் இருக்கிறது. பொடித்த தேயிலையை அடித்து நுரைக்கும் அந்தச் சோங் காலத்துப் பழக்கத்தைத்தான் எய்சாய் என்ற துறவி 1191-இல் ஜப்பானுக்குக் கொண்டு போனார்.

ரிக்யூவின் சடங்கையும் பார்த்துவிடுவோம். அங்கே கிண்ணம் கைக்கு வரும் முன்னால் ஒரு இனிப்பு வரும். அதைச் சாப்பிட்டு, நாக்கில் சர்க்கரை இருக்கும்போதே கசப்பான தேநீரைக் குடிப்பார்கள். நாங்கள் கோப்பைக்குள் செய்வதை அவர்கள் வாய்க்குள் செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கோடையில் கியோட்டோ பக்கம் போனால் துருவிய ஐஸ் மேல் இனிப்பு மாட்சாவை ஊற்றி, கூடவே சிவப்புப் பயறு மசியலும் வைத்துத் தருவார்கள், உஜி கிந்தோக்கி என்று பெயர். மாட்சாவுக்குப் பேர்போன உஜி என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத கோபம் தங்கைக்கு எதற்கு?

இன்னொன்று, தண்ணீர். ஜப்பானில் பெரும்பாலும் தாது உப்பு குறைந்த மென்னீர். நம் வீட்டுக் கடினமான போர்த் தண்ணீரில் அதே பொடியைக் கலக்கினால் சுவை மங்கித்தான் தெரியும். அதைக் குடித்துவிட்டு “ஆகா, இதுதான் அசல்” என்று தலையாட்டுவது யாரை ஏமாற்ற?

இனி அடுப்படிக்கு வருகிறேன், என் வழக்கு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. பறிப்பதற்கு முன் சுமார் மூன்று வாரம் தேயிலைச் செடியை நிழலில் மூடி வைப்பார்கள். வெயில் குறைவதால் இலையிலிருக்கும் தியானின் என்ற அமினோ அமிலம் அவ்வளவாகக் கேட்டெக்கின் என்ற பொருளாக மாறாமல் அப்படியே நிற்கும், பச்சையமும் கூடும். தியானின் தருவது அந்தக் கஞ்சித்தண்ணி போன்ற மென்சுவை, கேட்டெக்கின் தருவது துவர்ப்பு. என்ன சேர்க்கிறோமோ அது இந்த இரண்டில் ஒன்றைத் தொடும். பாலைச் சேர்த்தால் அதன் புரதம் கேட்டெக்கினைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பைக் குறைக்கும். எலுமிச்சை பிழிந்தால் பச்சை நிறம் பாசிப்பழுப்பாகும், ஏனென்றால் அமிலம் பச்சையத்தைக் கெடுக்கும், பாலும் இருந்தால் அதுவும் திரியும், அதனால் எலுமிச்சை போட ஆசையென்றால் பாலை விட்டுவிட்டு சோடாவில் போடுங்கள், நிறத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பச்சை இஞ்சிச் சாறு இன்னும் வேடிக்கை. அதிலிருக்கும் நொதி பாலை உறைய வைக்கும், தென்சீனாவில் இதை வைத்தே ஒரு பால் இனிப்பு செய்கிறார்கள். நமக்குக் குடிக்கத்தானே வேண்டும், இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்து அப்புறம் சேர்த்தால் தொல்லையில்லை. இதெல்லாம் வெறும் வெந்நீரோடு நின்றுவிடுகிறவருக்கு என்றைக்குத் தெரியப் போகிறது?

மாம்பழத்துக்கு வருகிறேன், தலைப்பைப் பார்த்துத்தானே பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். நன்றாகப் பழுத்த, புளிப்பில்லாத பழத்தை மசித்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, கண்ணாடி டம்ளர் அடியில் போடுங்கள். அதன் மேல் ஐஸ், சில்லென்ற பால். தனியாக இரண்டு கிராம் மாட்சாவை டீ வடிகட்டியில் சலித்து, கொதி அடங்கிய நீர், 75, 80 டிகிரி இருந்தால் போதும், அறுபது மில்லி ஊற்றி, வட்டமாகச் சுற்றாமல் முன்னும் பின்னுமாக வேகமாக அடியுங்கள். மாட்சா அடிக்கும் மூங்கில் மத்து இல்லையென்றால் பால் நுரைக்கும் பேட்டரி கருவி போதும். சலிக்காமல் விட்டால் கட்டி தட்டும், அந்தக் கட்டி பல்லில் மாட்டி உடையும்போதுதான் “மாட்சா புல் மாதிரி இருக்கு” என்று ஊரே சொல்லும். பழக் கூழ் அடர்த்தியானது என்பதால் அடியிலேயே கிடக்கும், மாட்சாவை மெல்ல மேலே ஊற்றினால் மஞ்சள், வெள்ளை, பச்சை என்று நிற்கும். படம் எடுத்துக்கொண்டு கலக்கிக் குடியுங்கள். முதலில் பழம் தெரியும், பழம் போன பிறகு தொண்டையில் அந்தப் பச்சைக் கசப்பு நிற்கும். எதையும் மறைக்கவில்லை நாங்கள்.

தங்கைக்கு ஒன்றை விட்டுக் கொடுக்கிறேன். மேல்தரப் பொடியை வாங்கி வந்து சாக்லேட் சிரப்பில் முக்குகிறவர்கள் எங்கள் அணியிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். கல் எந்திரத்தில் ஒரு மணி நேரம் அரைத்தால் முப்பது நாற்பது கிராம்தான் விழும். 2024-இல் தேவை எகிறி, கியோட்டோவின் பழைய கடைகளே ஆளுக்கு இத்தனை டப்பாதான் என்று கட்டுப்பாடு வைத்தன. அப்படியிருக்க, டப்பாவில் “சடங்குத் தரம்” என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், அந்தப் பெயருக்கு ஜப்பானில் சட்டபூர்வமான தர வரையறை கிடையாது. பாலும் பழமும் சேர்ப்பதற்கு விலை குறைந்த, கசப்பு தூக்கலான பொடிதான் பொருத்தம், மென்மையான பொடி பாலில் காணாமல் போய்விடும். நாங்கள் அதை வாங்கிக்கொள்கிறோம், நல்ல பொடி தங்கை மாதிரி வெந்நீரில் குடிப்பவர்களுக்கு மிஞ்சட்டும். இதைவிடப் பெருந்தன்மையான எதிரணி உங்களுக்குக் கிடைக்குமா தங்கை?

மணி அடித்துவிட்டார் நடுவர். தேங்காய்ப்பாலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அதை எங்கள் அணியில் அடுத்து வரும் அண்ணன் பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.