12 மணிக்குப் பிறகும் சுருங்கிய நிழல்

நேயர்களுக்கு வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறேன். இன்றைக்கு ஒரு குச்சியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்தேன்.

12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும், நிழல் காலடியில் விழும் என்று பல வருடம் நானும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். ஒரு ஜூலை மாதம், சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று 1 மீட்டர் குச்சியை மைதானத்தில் நட்டோம். பருவக்காற்று மேகம் விலக மூன்று நாள் காத்திருந்தோம். குச்சி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் வீட்டுப் பையன் அப்பாவின் தூக்குக்குண்டையே கொண்டுவந்துவிட்டான். பதினொன்றே முக்காலில் தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் ஒரு கூழாங்கல். 12 மணி ஆனது, நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டே இருந்தது. "டீச்சர், கடிகாரம் தப்பு" என்றாள் ஒருத்தி. பதில் நாக்கு நுனியில் நின்றது, ஆனாலும் நான் சொல்லவில்லை. 12.25க்கும் 12.30க்கும் நடுவில்தான் நிழல் மிகக் குட்டையானது, ஏறக்குறைய 18 செ.மீ. அதுவும் தெற்குப் பக்கமாக விழுந்திருந்தது!

ஒரு வாரம் அப்படியே விட்டேன். வீட்டுக் கடிகாரம், அம்மா போன் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து, கடிகாரத்தில் தப்பில்லை என்று அவர்களே வந்து சொன்னார்கள். அப்புறம்தான் உலக உருண்டையையும் டார்ச்சையும் எடுத்தேன். நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூரை ஒட்டிப் போகும் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டின்படி ஓடுகிறது, கோவை இருப்பது அதற்கு மேற்கே 77 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம், ஆக 22 நிமிடம் நமக்குச் சூரியன் தாமதம். மீதி ஐந்தாறு நிமிடம் பூமியின் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து செய்கிற வேலை, அதை ஐந்தாம் வகுப்பில் நான் இழுப்பதில்லை.

தெற்கே விழுந்த நிழலுக்கு மட்டும் விளக்கம் கொடுக்காமல், குச்சியைப் பிடுங்காமல் விட்டோம். ஆகஸ்ட் 24ஐ ஒட்டி நிழல் குச்சிக்கடியிலேயே ஒளிந்துகொண்டது, பிறகு வடக்கே நீள ஆரம்பித்தது, டிசம்பர் கடைசியில் 68 செ.மீ. வரை போனது. ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே நின்றதைக் கூழாங்கற்களைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு நிழலில்லா நாள் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி வரும், கன்னியாகுமரியில் செப்டம்பர் தொடக்கத்தில். உங்கள் பிள்ளையிடம் குச்சியைக் கொடுங்கள், நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். வணக்கம்.