சனிக்கிழமைச் சபை

நேயர்களுக்கு வணக்கம்.

நேபாள மலைக்கிராமங்களுக்குப் போய்வந்த ஊழியப் பயணத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டார்கள். நான் முப்பது வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிரசங்கம் பண்ணிப் பழக்கமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

2019 நவம்பரில் எங்கள் சபையிலிருந்து ஆறு பேர் போனோம். திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார். "சிஸ்டர், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க?" என்றார். ஒருத்தரும் இல்லை ஐயா என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பயணத்துக்குக் காணிக்கை கொடுத்தவர், கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைப் பதிலாகக் கொண்டுவருவது அங்கே யாரையாவது ஜெயிலுக்கு அனுப்பிவிடும். அதைச் சபை வாசலில் நின்று விளக்க முடியவில்லை.

நேபாளத்தில் அவரவர் மதத்தைக் கைக்கொள்ளலாம், இன்னொருவரை மாற்றக் கூடாது. 2015 அரசியல் சாசனத்தின் 26ஆவது பிரிவிலேயே இந்தத் தடை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், 158ஆவது பிரிவில், ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் என்கிறது. அது நேபாள ரூபாய், நம் பணத்தில் ஏறக்குறைய 31,000. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாடு கடத்துவார்கள்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி இந்தியில் அச்சிட்ட சுவிசேஷக் கைப்பிரதி ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். காத்மாண்டு விடுதியில் அதைப் பார்த்ததும் எங்களை அழைத்துப்போக வந்த நேபாளச் சகோதரர் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். "நீங்கள் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள், நான் இங்கேதான் இருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல குழுக்களுக்குச் சொல்லிப் பழகிய குரல் அது.

நாங்கள் போனது தாதிங் மாவட்டத்தின் வடபகுதி. கணேஷ் ஹிமால் என்று 7,400 மீட்டர் தாண்டிய பனிமலை, அதற்குக் கீழே தாமாங் மக்களின் ஊர்கள். நாங்கள் தங்கிய ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தாதிங்பேசி வரை பேருந்து, அப்புறம் ஜீப், அப்புறம் கால். போகிற வழியில் ஒரு கடைக்காரர் எங்கள் இந்திய 500 ரூபாய்த் தாளை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். 100க்கு மேற்பட்ட இந்தியத் தாள்களை அங்கே முந்தின வருடமே தடை செய்திருந்தார்கள். விசாரிக்காமல் போன எங்கள் தப்பு.

மலைப்பாதை என்றால் மண்பாதை என்று நினைத்திருந்தேன். பாதிக்குமேல் கருங்கல் படிக்கட்டு. எங்கள் மூட்டைகளை டோகோ என்கிற மூங்கில் கூடையில் போட்டு, நாம்லோ என்கிற பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் போய்க்கொண்டே இருந்தார். நேபாளியில் அண்ணனைத் 'தாய்' என்று கூப்பிட வேண்டும். மீசை வைத்த மனிதரைத் "தாய், தாய்" என்று கூப்பிட எனக்கு இரண்டு நாள் வாய் வரவில்லை. சாயங்காலம் அடுப்படியில் டிண்டோ கிண்டிக் கொடுத்தார்கள். நம் கேழ்வரகுக் களியேதான், தொட்டுக்கொள்ளப் புளிக்கவைத்துக் காயவைத்த கீரை.

நான் செவிலியர் என்று தெரிந்ததும் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அங்கே பதிவு செய்யாமல் வெளிநாட்டவர் வைத்தியம் பார்க்கக் கூடாது. ஆகவே மாத்திரை ஒன்றும் கொடுக்கவில்லை, ஊர் சுகாதார நிலையத்துப் பெண்ணோடு உட்கார்ந்துகொண்டேன். முதலில் முதுகுவலி என்பார்கள். ஆண்கள் எழுந்து போனதும் உண்மையான விஷயம் வரும். கர்ப்பப்பை இறக்கம். பிள்ளை பெற்றுச் சில நாளிலேயே விறகுக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்குகிறார்கள், வேறென்ன ஆகும்? நேபாள மலைகளில் இது பரவலாக உள்ள நோய். அரசாங்கமே இலவச அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்திருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு நடக்கணும், அந்த நாட்களில் மாட்டுக்குப் புல் அறுக்க ஆள் வேணும். இரண்டு சாயங்காலத்தில் எட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஒருத்திக்குப் பதினொரு வருடமாக இருக்கிறது, புருஷனுக்கே தெரியாது. ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டாள், பண்ணினேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்படியும் சொன்னேன். ரெண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

அங்கே வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் சனிக்கிழமைதான். சபையை மண்டலி என்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மாதல் என்ற மத்தளம். "ஜெய் மசீ", அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம், என்று வணக்கம். பாஷை தெரியாவிட்டாலும் அந்நியமாக இல்லை.

2015 ஏப்ரல் 25ஆம் தேதி நிலநடுக்கம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால். நேபாளம் முழுக்க ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். பள்ளிக்கு விடுமுறையாக இருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். அதே விடுமுறையால்தான் விசுவாசிகள் கல் சுவர்களுக்குள் கூடியிருந்தார்கள். இப்போது அந்த மண்டலிக்குத் தகரச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காதாம். தகரம் விழுந்தால் சாகமாட்டோம் என்றார்கள்.

இந்த மலைக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தது என்னைப் போல விமானத்தில் வந்தவர்கள் இல்லை. 1769இல் மன்னர் பிருத்வி நாராயண் ஷா கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவற சபைக் குருமார்களை வெளியே அனுப்பிய பிறகு 1951 வரை மிஷனெரிகளுக்குக் கதவு மூடித்தான் இருந்தது. நேபாளி வேதாகமம் தயாரானதே டார்ஜிலிங்கில்தான். கங்கா பிரசாத் பிரதான் என்ற நேபாளிப் போதகரின் பல வருட உழைப்பு அது. 1914இல் அவர் குடும்பத்தோடு காத்மாண்டுவில் குடியேறப் போனார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழைப்புக்காக வெளியே போய்த் திரும்பி வந்தவர்கள் மூலமாகத்தான் மலைக்குள் விஷயம் பரவியது. 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 1.76 விழுக்காடு.

அந்த ஊரில் முதலில் விசுவாசியானவரின் தம்பி இருக்கிறார், எண்பது வயதுக்கு மேல். 1990க்கு முந்தைய மன்னராட்சிக் காலத்தில் அண்ணனும் தம்பியும் சிறையில் இருந்தவர்கள். அவர் தாமாங்கில் பேச, ஒரு பையன் நேபாளியில் சொல்ல, எங்கள் சகோதரர் இந்தியில் சொல்ல, எனக்கு வந்து சேர்ந்தது. உங்கள் மண்டலியில் எத்தனை குடும்பம் என்று கேட்டார். நானூறு என்றேன். ஆச்சரியப்பட்டார். அடுத்து, அதில் எத்தனை பேர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, வீட்டில் எத்தனை மாடு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றேன். ஆறுதல் சொல்வதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இறங்கி வரும்போது செல்போனுக்குச் சிக்னல் கிடைத்த இடத்தில் நாங்கள் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் ஆராதனைப் படத்தை, எல்லார் முகமும் தெரிய, ஊர்ப் பெயரோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். நானே பார்த்து இதயக்குறி போட்டேன். எங்கள் சகோதரர் பார்த்துச் சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. அழித்தோம். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

மறுபடி போவீர்களா என்று கேட்கிறார்கள். போனால் ரெண்டே பெண்கள் போகணும், கூட்டமாக இல்லை. ஒரே ஊரில் தங்கணும். அந்த எட்டுப் பேரில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று விசாரிக்கணும். மூன்று பேர் போய்வந்துவிட்டதாகத் தகவல் வந்தது, பதினொரு வருடக்காரி அதில் இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால் அக்டோபர், நவம்பர் நல்லது. மழைக்காலத்தில் பாதை சரியும். ஆளுக்கொரு கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது முழங்கால் போய்விடுகிறது.