எமோட்டோ தகெனோரி: பந்து, பேச்சு, பாராளுமன்றம்

நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானில் பேஸ்பால் வீரர் எமோட்டோ தகெனோரி என்று பேரைச் சொன்னாலே, அவர் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துவிடுவார்கள். அதற்கும் வருகிறேன். முதலில் அவர் பந்து எறிந்த கதை.

கோச்சி மாநிலத்துப் பிள்ளை. 1965-இல் அவருடைய பள்ளி அணிக்குக் கோஷியென் மைதானத்தில் ஆடும் வாய்ப்பு கிடைத்தது. ஜப்பானில் பேஸ்பால் ஆடும் பள்ளிப் பையன்களுக்கு அந்த மைதானம்தான் கனவு. அணியில் நடந்த ஒரு ஒழுங்கீனத்துக்காக வாய்ப்பையே ரத்து செய்துவிட்டார்கள். யாரோ செய்ததற்கு எல்லாரும் அனுபவித்தார்கள்.

1971-இல் தோயெய் அணியில் தொழில்முறை பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, சேர்ந்தார். பேஸ்பாலில் அணி ஜெயித்தால் அந்த வெற்றியை ஒரு பிட்சரின் கணக்கில் எழுதுவார்கள். அந்த வருஷம் அவர் கணக்கில் ஒரு வெற்றிகூட இல்லை, பூஜ்யம். அப்படிப்பட்டவரை நங்காய் அணிக்குக் கேட்டு வாங்கினார் நோமுரா கத்சுயா. இந்த நோமுராவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் அணியின் மேனேஜர், அவரேதான் கேட்சர். நம் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரே கேப்டனும் பயிற்சியாளருமாக இருந்தால் எப்படி, அப்படி. நான் உன் பந்தைப் பிடித்தால் நீ பத்து ஆட்டமாவது ஜெயிப்பாய் என்று எமோட்டோவிடம் சொன்னாராம். 1972-இல் எமோட்டோ ஜெயித்தது 16 ஆட்டம்! பூஜ்யத்திலிருந்து பதினாறு. கை அதே கைதான். நம்பி ஒருத்தர் எதிரே உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். மறு வருஷம் நங்காய், ஜப்பானின் இரண்டு தொழில்முறை லீக்குகளில் ஒன்றான பசிபிக் லீக்கையே வென்றது.

1976-இல் ஹன்ஷின் அணிக்கு மாறினார். அந்த அணியின் சொந்த மைதானம் எது தெரியுமா? கோஷியென். பள்ளி நாளில் கிடைக்காமல் போன அதே மண். 1981 ஆகஸ்ட் 26, அங்கேதான் யாகுல்ட் அணியோடு ஆட்டம். முன்னிலை கைநழுவுகிறது, பெஞ்சிலிருந்து தெளிவாக ஒரு உத்தரவும் வரவில்லை. எமோட்டோவை வெளியே எடுத்துவிட்டார்கள். கொதித்துப்போய் உள்ளே போகிறவர் சொன்னதாக மறுநாள் பத்திரிகையில் வந்தது: 'பெஞ்சு முட்டாளா இருந்தா எப்படி விளையாடுறது!' பெஞ்சு என்றால் மேனேஜரும் பயிற்சியாளர்களும். தான் அப்படியே சொல்லவில்லை என்று அவர் பிற்பாடு விளக்கினார். ஆனாலும் அதோடு ஓய்வு. வயது 34. மொத்தம் 113 வெற்றி. நேயர்களே, அந்த 113-ஐயும் சேர்த்து நினைத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோகி தொடங்கிய விளையாட்டு அமைதிக் கட்சியின் சார்பில் 1992-இல் பாராளுமன்ற மேலவைக்குப் போனார். 1998-இல் ஜனநாயகக் கட்சியின் பட்டியலில் மறுபடியும் வந்தார். 2004-இல் ஒசாகா ஆளுநர் தேர்தலில் நின்று, ஜப்பானின் முதல் பெண் ஆளுநரான ஓட்டா ஃபுசாயேவிடம் தோற்றார். நன்றி, வணக்கம்.