டியூப்லைட் போட்டால் தெரியும் சுவரின் லட்சணம்

வணக்கம் மக்களே. பின்னால் இருக்கிற சுவரைப் பாருங்கள், நேராகத்தானே தெரிகிறது? இருங்கள், டியூப்லைட்டைப் போடுகிறேன். இப்போது? மேடும் பள்ளமுமாக அலையடிக்கிறது. வெளிச்சம் சுவரை ஒட்டி இறங்கும்போது ஒரு நூல் மேடுகூட நிழல் காட்டிவிடும்.

பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும் என்பார்கள். மறையாது. பளபளப்பு பெயிண்டாக இருந்தால் இன்னும் மோசம்.

போன வருடம் பக்கத்து அறையில் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். அரை அங்குலப் பள்ளத்தை முழுக்கப் பட்டி வைத்தே, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் மாவை வைத்தே நிரப்பினேன். காய்ந்ததும் வெடித்து, அப்பளம் மாதிரி கையோடு வந்தது. வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டும் சேர்த்து ஒன்றரை மில்லிமீட்டர்தான் தாங்கும். அதாவது கொத்தனார் கணக்கில் அரை நூல். அதற்கு மேல் பள்ளம் என்றால் அது பூச்சு வேலை, பட்டி வேலை இல்லை.

அதனால் இந்த முறை முதலில் மட்டப்பலகை. இதோ, ஆறடி அலுமினியம். சுவரில் வைத்து நகர்த்துகிறேன். இங்கே பலகை ஆடுகிறது பாருங்கள், அது மேடு. இங்கே அடியில் சந்து தெரிகிறது, பள்ளம். பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேட்டை முதலில் செதுக்குங்கள். அதைக் குறைத்தாலே பக்கத்துப் பள்ளம் பாதி போய்விடும். இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

அப்புறம் கரணை, அதாவது கொத்தனார் கரண்டி, அதன் பிடியால் தட்டிப் பாருங்கள். இந்தச் சத்தம் கேட்கிறதா, காலிக் குடம் மாதிரி? உள்ளே பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. யோசிக்காமல் பெயர்த்தெடுங்கள்.

ஆழமான பள்ளத்தைக் கொத்திவிட்டு, நன்றாக நனைத்து, சிமெண்டைத் தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் அடித்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல் என்று கலவை போடுங்கள். பலகையால் இழுத்து, மணியாசக்கட்டையால், அதாவது பூச்சைத் தேய்த்துச் சமமாக்கும் கைப்பிடி வைத்த கட்டையால் தேய்க்க வேண்டும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, சுவர் நன்றாகக் காயும்வரை பொறுங்கள். ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம்தான்.

பிறகு பட்டி இரண்டு கோட்டு, உப்புத்தாள், பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர். உப்புத்தாளை மட்டும் ராத்திரியில் இதே லைட்டைப் போட்டுக்கொண்டு தேயுங்கள். மாஸ்க் கட்டாயம்.

சரி, அந்த மூலையில் இன்னும் ஒரு பள்ளம் தெரிகிறதே என்று கேட்பீர்கள். அங்கே பீரோ வரப்போகிறது.