பத்திரத்தால போன நிலம்

வணக்கம்ங்க. உங்கள்ல யார் யார் வீட்டுல கூட்டுப்பட்டா இருக்கு, கைய தூக்குங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன், ரேடியோவுல எங்க தெரியப்போகுது, சரி எல்லார் வீட்டுலயும் இருக்குன்னே வெச்சுக்கறேன்.

இப்ப அதே கூட்டுச் சொத்துக் கதைக்கு அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துக்கு வாங்க. கருப்பின விவசாயி ஒருத்தர் 40 ஏக்கர் வெச்சிருந்து உயில் எழுதாமலே போயிடுறார்னு வைங்க. கோர்ட்டு, வக்கீல்னாலே அவங்களுக்கு ஒரு பயம், அந்தக் கட்டடத்துல இருந்து நல்லது வந்து பாத்ததே இல்லையே. புள்ளைங்க, பேரனுங்க, சிகாகோவுக்கு டெட்ராய்ட்டுக்கு வேலைக்குப் போனவங்கன்னு அத்தன பேருக்கும் அதுல பங்கு, ஆனா எந்தப் பக்கம் யாரோடதுன்னு கோடு கிடையாது. வெளியாளு ஒருத்தன் சிகாகோ பேரன்கிட்ட அவன் பங்க சல்லிசா வாங்கிடுவான், வாங்கிட்டு எனக்குப் பிரிச்சுக் குடுன்னு கேஸ் போடுவான், இத்தன பேருக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு கோர்ட்டு மொத்தத்தையும் ஏலத்துக்கு விட்டுடும். ஏலத்துல கையில காசோட நிக்கறது யாரு? அதே ஆளு தான்! உழுதவன் ரோட்டுல.

1920 கணக்குல குத்தகைக்காரங்களையும் சேத்து 9 லட்சத்துக்கும் மேல கருப்பின விவசாயிங்க, இன்னிக்கு 50,000-க்கும் கீழ. எல்லாம் இந்தப் பத்திரச் சிக்கலால மட்டும் போகல, கடன் மறுத்தும் போச்சு. ஆனா பத்திரத்தால போனது ரொம்ப, அதத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றேன்.

1967-ல 22 கூட்டுறவுச் சங்கம் சேந்து ஃபெடரேஷன் ஆஃப் சதர்ன் கோஆப்பரேட்டிவ்ஸ்னு ஆரம்பிச்சாங்க. சங்கம்னா நமக்கு உரமூட்டையும் கடனும்தான், இவங்க அதோட உக்காந்து உயில் எழுத வெக்கிறாங்க, யார் யாருக்குப் பங்குன்னு தேடி எடுக்கவும் உதவுறாங்க. இப்படிப்பட்ட கூட்டுச் சொத்துக்குன்னே, மாநிலங்க விரும்புனா ஏத்துக்கலாம்னு 2010-ல ஒரு மாதிரிச் சட்டம் வந்துச்சு, விக்கிறதுக்கு முன்னாடி மதிப்புப் போட்டு, அந்த வெலைக்கு மத்த பங்குதாரருங்க வாங்கிக்க வாய்ப்புக் குடுக்கணும்னு. அலபாமா 2014-ல ஏத்துக்கிச்சு.

எனக்குப் புடிச்ச கதை ஒண்ணு, சொல்லாம விட மனசு வரல. மிசிசிப்பி மாநிலத்துல ஃபேனி லூ ஹேமர்னு ஒரு அம்மா, கருப்பின மக்களோட ஓட்டுரிமைக்குப் போராடுனவங்க. ஓட்டுக்குப் பேரு பதியப் போனாங்கன்னு 1962-ல, 18 வருஷம் வேல பாத்த தோட்டத்த விட்டே வெரட்டிட்டாங்க. 1969-ல அந்தம்மா ஃப்ரீடம் ஃபார்ம்னு சங்கம் தொடங்கி, முதல்ல 40 ஏக்கர் வாங்குனாங்க. கூடவே பன்னி பேங்க். ஆமாங்க, பன்னிதான், உண்டியல் இல்ல, நெஜப் பன்னி! பணத்துக்குப் பதிலா பன்னியக் கடனா குடுத்தாங்க. வயிறு நெறஞ்சவன முதலாளி மெரட்ட முடியாதுல்ல, அதுதான் கணக்கு. எழுபதுகளோட நடுவுல அது நின்னுபோச்சு, ஆனா அந்தப் பன்னிய நெனச்சா எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தோஷம்.

அய்யோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு வெரல் காட்டுறாங்க. அமெரிக்காவுல இருக்கற ஜார்ஜியா மாநிலத்தப் பத்தித்தான் நெறயா பேச வந்தேன். நியூ கம்யூனிட்டீஸ்னு கருப்பின விவசாயிங்களோட ஒரு அமைப்பு, 1969, 5,735 ஏக்கர், ஊரோட சேந்து வாங்கினது. வறட்சி வந்துச்சு, அரசாங்கக் கடன் சரியா கெடைக்கல, 1985-ல மொத்தமும் போச்சு. கேஸ் நடத்தி 2009-ல சுமார் 1.2 கோடி டாலர் வாங்கி, 2011-ல 1,638 ஏக்கர் வாங்குனாங்க, அது ஒரு காலத்துல அடிமைங்கள வெச்சு நடத்துன தோட்டம். அங்க பீக்கன் மரம் இருக்கு, பீக்கன்னா ஒரு கொட்டை, அக்ரூட் மாதிரி... சரி சரி, முடிச்சுட்டேன்ங்க, வணக்கம்.