குடியும் கெட்ட கனவும்: கைபேசி எதுவரை உதவும்?

நேயர்களுக்கு வணக்கம். போரிலோ வன்முறையிலோ விபத்திலோ சிக்கி மீண்டவர், கனவுக்குப் பயந்து படுக்குமுன் குடிக்கிறார். போதை இறங்கும் பின்னிரவில் தூக்கம் கலைகிறது, கனவு முன்பைவிட உக்கிரமாக வருகிறது. மறுநாள் அளவு கூடுகிறது. இந்த நிலையில் அவரிடம் “முதலில் குடியை நிறுத்து, மற்றதை அப்புறம் பார்க்கலாம்” என்றால் எப்படி நிறுத்துவார்?

இரண்டையும் சேர்த்தே கவனிக்க அமெரிக்காவில் உருவான இணையவழித் திட்டம் வெட்சேஞ்ச். ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 600 படைவீரர்களை ஃபேஸ்புக் விளம்பரம் மூலம் சேர்த்துச் சோதித்தார்கள். 2013இல் வெளியான முடிவுப்படி குடியும் குறைந்தது, மனஅதிர்ச்சி அறிகுறிகளும் குறைந்தன. பாதியில் விட்டவர்களும் நிறைய.

இத்தகைய திட்டங்களில் முதல் வேலை கணக்கு எழுதுவது. அங்கே ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் ஆல்கஹால். நம் ஊர் குவார்ட்டர், அதாவது 42.8 சதவீதச் சரக்கு 180 மில்லியில், சுமார் 61 கிராம் இருக்கிறது. நாலு டிரிங்குக்கும் மேல்! அதை ஒன்று என்று எழுதினால் கணக்கே பொய்யாகிவிடும். அளவோடு நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது என்ன என்பதையும் குறிக்க வேண்டும். முக்கியமானது அந்தக் கடைசிக் குறிப்புதான். பட்டாசுச் சத்தமா, வீட்டுச் சண்டையா, தனிமையா என்று இரண்டு வாரத்தில் பிடிபடும். அந்த நேரத்துக்கு யாரை அழைப்பது, எங்கே போவது என்பதை முன்கூட்டியே கைபேசியில் எழுதி வைக்கலாம். குடிக்கத் தூண்டும் உந்துதல் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு சிக்கல் உண்டு. நினைவு தலைதூக்கும்போதெல்லாம் செயலியைத் திறந்து மூச்சுப்பயிற்சி செய்தால், அதுவும் குடியைப் போல ஒரு தப்பித்தலாகிவிடலாம். நினைவை நேருக்கு நேர் சந்திக்கும் பயிற்சியைச் சிகிச்சையாளர் துணையோடுதான் செய்ய வேண்டும். அதற்கான பிஇ கோச் (PE Coach) செயலி அமர்வின் உரையாடலைப் பதிவு செய்துகொள்ளும். நோயாளி அதை வீட்டில் மறுபடி கேட்கலாம்.

தினமும் அதிகம் குடிப்பவர் செயலியை நம்பித் திடீரென நிறுத்தவே கூடாது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குமேல் மனக்குழப்பமும் இல்லாதவை தெரிவதும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் மருந்தோடு நிறுத்துவதே சரி. கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிட்டால் நேரே மருத்துவமனை. மற்றபடி யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள்.